நலத்துறை பிள்ளையைக் கொண்டுபோகும்போது

செக் குடியரசின் வடகிழக்கு மூலையில் ஆஸ்ட்ராவா என்று ஒரு நகரம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் வளர்த்த ஊர். 1999இல் அந்த நகரத்தின் 69 பொதுப் பள்ளிகளுக்கும் 8 சிறப்புப் பள்ளிகளுக்கும் கேள்வித்தாள்கள் போயின. உங்கள் பள்ளியில் மொத்தம் எத்தனை பிள்ளைகள், அதில் ரோமா பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. தலைமையாசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால், பொதுப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் 2.26 விழுக்காடு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு என்று அரசு நடத்திய சிறப்புப் பள்ளிகளில் 56 விழுக்காடு. ஆஸ்ட்ராவாவில் பிறந்த ஒரு ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளிக்குத் தள்ளப்படும் வாய்ப்பு மற்ற பிள்ளையைவிட 27 மடங்கு அதிகம்.

இந்தக் கணக்கை எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, தாமதமாக வந்து உட்கார்ந்த கல்லூரித் தம்பி ஒருவர், "இது எந்த மாவட்டம் தோழர்?" என்று கேட்டார். ஊர்ப் பெயர் அவர் காதில் விழவில்லை, கணக்கு மட்டும் விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் இதை முழுசாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்தோம். தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தோம். கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் அது விழுந்த பிறகும், கிழக்கு ஐரோப்பாவின் குழந்தைப் பராமரிப்பும் சமூக நலத்துறையும் ரோமா மக்களை என்ன செய்தன என்பதே பாடம். படித்ததையும், படிக்கும்போது எங்களுக்குள் நடந்த சண்டையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ரோமா மக்கள் யார் என்பது. நம் ஊர்ப் பத்திரிகைகள் 'ஜிப்சி' என்று கவிதையாக எழுதும் மக்கள்தான். அந்தச் சொல்லின் உள்ளூர் வடிவங்கள் அங்கே வசைச் சொற்கள். நம்மில் பலருடைய சாதிப் பெயர் எப்படி வசையாகப் பயன்படுகிறதோ அப்படி. ஐரோப்பா முழுவதும் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, சுலோவாக்கியாவில் அதிகம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்கள் மொழியே சொல்லும். யேக், துய், த்ரின் என்று எண்ணத் தொடங்கி ஐந்துக்கு 'பஞ்ச்' என்கிறார்கள். இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் 1850களின் நடுப்பகுதிவரை அவர்கள் சட்டப்படி அடிமைகள். மடங்களும் நிலப்பிரபுக்களும் அரசும் அவர்களை வைத்திருந்தன, வாங்கின, விற்றன. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் செக் நிலத்து ரோமா மக்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். லெட்டி என்ற ஊரில் அவர்களை அடைத்துவைத்த முகாமில் இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்த இடத்தில் 1970களில் கம்யூனிஸ்ட் அரசு ஒரு பன்றிப் பண்ணையைக் கட்டியது. 1989க்குப் பிறகு ஜனநாயகம் என்று சொல்லிக்கொண்டு வந்த அரசுகளுக்கு அந்தப் பண்ணையை அங்கிருந்து எடுக்க ஏறக்குறைய முப்பது ஆண்டு பிடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ரோமா மக்கள் இங்கிருந்து போன தலித்துகள்' என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிறுவப்பட்ட செய்தி அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கிளம்பியவர்களின் சாதி என்ன என்று தோண்டுவது நமக்கு வேண்டாத வேலை. அவர்களை உறவு கொண்டாடுவதற்கு வேறு ஆட்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2016இல் டெல்லியில் அரசு சார்பில் ரோமா மாநாடு நடத்தி, அவர்கள் இந்தியாவின் பிள்ளைகள் என்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் வரவேற்றார். கடல் கடந்த பிள்ளைக்குக் கம்பளம். பக்கத்துக் காலனிப் பிள்ளைக்குத் தனிக் குவளை. நமக்கு ரத்த உறவு தேவையில்லை. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்படுவதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த உறவு போதும்.

இனி எங்கள் சண்டை.

எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இடதுசாரித் தொழிற்சங்கங்களில் வேலை செய்தவர்கள். அதில் ஒரு அக்கா, நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலை நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்பி, கைக்குழந்தையை எட்டு வயது மூத்த மகளிடம் விட்டுவிட்டுப் போனவர். அந்த மகளின் படிப்பு அதோடு நின்றது. அவர் சொன்னார்: "சும்மா குறை சொல்லாதீங்க. அந்த நாட்டுல ஆலைக்கு ஆலை பால்வாடி இருந்திருக்கு. ஷிப்டுக்குப் போறவ பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கா. பால் குடுத்திருக்கான், ஊசி போட்டிருக்கான். எனக்கு அது இருந்திருந்தா என் மக டீச்சராயிருப்பா."

இதற்கு யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. கம்யூனிஸ்ட் நாடுகளில் பெண்கள் வேலைக்குப் போவதை அரசு எதிர்பார்த்தது. அதற்காகவே கைக்குழந்தைக் காப்பகங்களையும் மழலையர் பள்ளிகளையும் தானே நடத்தியது, ஆலைகளை நடத்த வைத்தது. போருக்குப் பிறகு சுலோவாக்கியாவின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஆஸ்ட்ராவா போன்ற தொழில் நகரங்களுக்கு வேலைக்கு வந்த ரோமா மக்களுக்கு வீடும் கூலியும் மருத்துவமும் கிடைத்தன. முந்தைய தலைமுறைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இந்தத் தலைமுறைக்குத் தெரிந்தது. இதை மறைத்து எழுதினால் அது பொய்.

ஆனால் அதே அரசு 1958இல் ஒரு சட்டம் போட்டு நாடோடி வாழ்க்கையைக் குற்றமாக்கியது. குதிரைகளைப் பறித்தார்கள், வண்டிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். ரோமா என்று ஒரு மக்கள் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளவில்லை. அரசுத் தாள்களில் அவர்கள் 'ஜிப்சி வம்சாவளிக் குடிமக்கள்'. வர்க்கம் ஒழிந்துவிட்டது, எனவே இனி எல்லோரும் சமம், இன்னும் ஒருவன் பின்தங்கியிருந்தால் அது அவனுடைய பழக்கவழக்கத்தின் கோளாறு என்பது அவர்கள் கணக்கு. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் சோசலிஸ்டுகளைப் பார்த்து எழுப்பிய கேள்வி இதைப் பற்றியதுதான். சொத்துறவை மாற்றினால் சமூகத்தின் படிநிலை தானாக உதிர்ந்துவிடுமா? சொத்துறவை மெய்யாகவே மாற்றிப் பார்த்த நாடுகள் இவை. படிநிலை உதிரவில்லை. நலத்துறை அலுவலகத்துக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்த நாற்காலியில் இருந்தவர் சமூகப் பணியாளர். மருத்துவமும் உதவித்தொகையும் அவர் வழியாக வந்தன. செக்கோசுலோவாக்கியாவில் 1970களின் தொடக்கத்தில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு விதிகள் வகுத்தார்கள். அதன் பிறகு ரோமா பெண்களின் வீடுகளுக்குச் சமூகப் பணியாளர்கள் நடந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் பணம் என்றார்கள். மறுத்த பெண்கள் சிலரிடம், உதவித்தொகை நிற்கும், இருக்கிற பிள்ளைகளை இல்லத்துக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். பிரசவத்துக்குப் போன இடத்தில், வலியில் இருக்கும்போது கையெழுத்து வாங்கப்பட்டவர்களும் உண்டு. 1978இலேயே 'சாசனம் 77' இயக்கத்தினர் இதை அறிக்கையாக எழுதினார்கள். ஆட்சி மாறியது, ஆபரேஷன் நிற்கவில்லை. 2000களில்கூட நடந்திருக்கிறது. 2005இல் செக் குறைதீர்ப்பாளர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 2009இல் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல்தான் ஒருவருக்கு 3 லட்சம் கொருனா இழப்பீடு என்று சட்டம் வந்தது. அதற்குள் எத்தனையோ பெண்கள் செத்துப்போயிருந்தார்கள்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பால்வாடிக்கு வர்ற டீச்சரம்மாவும் பிள்ளைய புடுங்க வர்ற அம்மாவும் ஒரே ஆபீசா?" என்று மட்டும் கேட்டார். ஒரே அரசு, ஒரே கொள்கை, பல நேரம் ஒரே ஆபீஸ். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்தது முழுக்க அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

குழந்தை விஷயத்தில் கம்யூனிஸ்ட் அரசுக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒரு கை, காலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு மாலையில் தாயிடம் திருப்பிக் கொடுக்கும் பால்வாடி. இன்னொரு கை, வாங்கிக்கொண்டு திருப்பித் தராத இல்லம். அந்த இரண்டாவது கை எவ்வளவு நீளம் என்று பார்க்க ருமேனியாவுக்குப் போக வேண்டும்.

1966இல் சௌசெஸ்கு அரசு 770ஆம் எண் ஆணையைப் போட்டது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும், எனவே கருக்கலைப்புக்குத் தடை. நாலு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைத் தாண்டியவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. பெற்றுக்கொள் என்று சொன்ன அரசு, வளர்க்க வழியில்லாவிட்டால் என்னிடம் கொடு, உன்னைவிட நான் நன்றாக வளர்ப்பேன் என்றும் சொன்னது. ஏழைகள் கொடுத்தார்கள். மூன்று வயதானதும் ஒரு குழு வந்து இல்லத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும். உடற்குறையோ வளர்ச்சிக் குறையோ இருப்பதாகத் தோன்றினால் 'தேற்ற முடியாதவர்' என்று எழுதித் தனி இல்லங்களுக்கு அனுப்பிவிடும். அங்கே போன பிள்ளைகள் பசியிலும் குளிரிலும் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இல்லங்களில் இருந்தார்கள். கம்பிக் கட்டில்களில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. அவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்ல, பெற்றோர் உயிரோடு இருந்தார்கள் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. நாட்டு மக்கள்தொகையில் உள்ள விகிதத்தைவிட மிக அதிகமாக ரோமா பிள்ளைகள் அங்கே இருந்தார்கள் என்பதும் மெதுவாகத்தான் வெளியே வந்தது.

பிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா, புக்கரெஸ்ட் நகரத்தின் 6 இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவுத்திறன் கூடியது. அதிலும் இரண்டு வயதுக்கு முன்பு போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் கழித்த ஒவ்வொரு மாதமும் மூளையில் தடம் பதிக்கிறது என்று காட்டினார்கள். ருமேனியா 2004இல் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் வைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

சீட்டுக் குலுக்கியதற்காக எங்கள் மாணவத் தோழர்கள் இரண்டு பேர் கடும் கோபம் கொண்டார்கள். நன்றாக இருக்கும் என்று தெரிந்ததைப் பாதிப் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது என்ன நியாயம் என்று. புக்கரெஸ்டில் அன்று வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை, ஆய்வாளர்கள்தான் உருவாக்கினார்கள் என்று மற்றவர்கள் வாதாடினார்கள். எங்களுக்கு உறுத்தியது வேறு. இல்லமா, வேறொரு குடும்பமா என்று ஒப்பிட்டார்கள். பெற்ற தாய்க்கே வாடகையும் விறகும் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது அந்த ஆய்வின் பிரிவுகளில் இல்லை. விஞ்ஞானிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்வியை எந்த அரசும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

ஆட்சி விழுந்ததும் அந்த இரண்டு கைகளில் எது வெட்டப்பட்டது என்று பாருங்கள். சந்தை வந்தது. ஆலைகள் மூடப்பட்டன அல்லது விற்கப்பட்டன, ஆலையோடு பால்வாடியும் போனது. செக் நாட்டில் 1990இல் ஆயிரத்துக்கு மேல் இருந்த கைக்குழந்தைக் காப்பகங்கள் இருபது ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டன. செலவு என்றார்கள், தாய் வீட்டில் இருப்பதுதான் இயற்கை என்றார்கள், கம்யூனிசத்தின் மிச்சம் என்றும் சொன்னார்கள். சரி, மிச்சத்தைத் துடைப்பது என்றால் இல்லத்தையும் துடைத்திருக்க வேண்டுமே? இல்லம் இருந்தது. பச்சிளம் குழந்தைகளை நிறுவனத்தில் வைக்கும் வழக்கம் அதே செக் நாட்டில் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. 3 வயதுக்கு உட்பட்டவர்களை அப்படி வைக்கக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தாய்க்குத் துணை நின்ற கை முதலில் வெட்டப்பட்டது. பிரிக்கும் கைக்குச் சம்பளம், கட்டடம், பட்ஜெட் எல்லாம் அப்படியே இருந்தன.

வேலை போனவர்களில் ரோமா மக்கள் முதல் வரிசை. எங்கே யாரைத் துரத்தினாலும் முதலில் யார் போவார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை போனால் வாடகை போகும், வாடகை போனால் வீடு. 2004இல் சுலோவாக்கிய அரசு சமூக உதவித்தொகையைச் சரிபாதியாக வெட்டியபோது, கிழக்குப் பகுதியின் ரோமா குடியிருப்புகளில் பட்டினி தாங்காமல் கடைகளைச் சூறையாடினார்கள். அரசு போலீசையும் ராணுவத்தையும் இறக்கியது. வீடில்லாத, மின்சாரமில்லாத, ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டுக்கு நலத்துறை வரும்போது அதன் கண்ணில் படுவது 'கவனிப்பாரற்ற குழந்தை'. கோப்பில் எழுத ஒரு சொல் போதும். செக் நாட்டுப் பொதுப்புத்தியில் அதற்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'ஒத்துப்போகாதவர்கள்'. இனத்தின் பெயரைச் சொல்லாமலே எல்லோருக்கும் புரியும் சொல். நம் ஊரில் 'அந்த ஏரியா பசங்க' என்று சொல்வதைப்போல.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 2006 அக்டோபர் தீர்ப்பு ஒன்றைச் சட்டம் படிக்கும் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். செக் நாட்டில் ஒரு தம்பதிக்கு 5 பிள்ளைகள். ஐந்து பேரையும் அரசு எடுத்துக்கொண்டது. பெற்றோர் அடித்தார்களா, குடித்தார்களா, மனநோயா? எதுவும் இல்லை. பிள்ளைகளை வளர்க்கும் தகுதி பற்றிச் சந்தேகமே எழுப்பப்படவில்லை. வீடு சரியில்லை, அவ்வளவுதான் காரணம். அந்தக் குடும்பம் ரோமா என்று தீர்ப்பு சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நீதிமன்றம் நேராகக் கேட்டது: குறை வீட்டில் என்றால் வீட்டுக்கு உதவியிருக்கலாமே, குடும்பத்தை ஏன் உடைத்தீர்கள்? குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பானது. இத்தனைக்கும் ஹங்கேரி 1997லேயே வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தது. எழுதியும் என்ன? அங்கும் இல்லங்களில் ரோமா பிள்ளைகள் அளவுக்கு மீறி இருப்பதை உரிமை அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்துவருகின்றன. வறுமை என்று எழுதினால்தானே சட்டம் தடுக்கும்? 'அலட்சியம்' என்று எழுதிவிட்டால் தடையில்லை.

இதைப் படித்த அன்று எங்களில் பலருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்தது. போன ஆண்டு எங்கள் பகுதியில் செங்கல் சூளைக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளை அலுவலர்கள் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். தாய் வேலைக்குப் போயிருந்த நேரம், பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று பதிவு. நான்கு மாதம் அந்தத் தாய் மனுவோடு அலைந்தார், நாங்களும் கூட நடந்தோம். போகும்போதெல்லாம் ஒரே பதில்: "அங்க மூணு வேளை சாப்பாடு, யூனிபார்ம், படிப்பு. உன் கூட இருந்தா என்ன கிடைக்கும்?" சொன்னவர் கெட்டவர் அல்ல. மெய்யாகவே நல்லது செய்வதாக நம்பினார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்கிறது. குடும்பத்தோடே பிள்ளையை வைத்துக் காப்பாற்ற மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் ஆதரவுத் திட்டமும் 'மிஷன் வாத்சல்யா'வில் இருக்கிறது. அந்தத் தாயிடம் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். சின்னவன் இன்னமும் யார் வீட்டுக்கு வந்தாலும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.

ஆஸ்ட்ராவாவின் மிச்சக் கதையைச் சொல்ல வேண்டும். 1985க்கும் 1991க்கும் இடையில் பிறந்த 18 ரோமா பிள்ளைகள் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்தக் கேள்வித்தாள் கணக்குதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். 1999இல் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 2006 பிப்ரவரியில் சிறிய அமர்வும் கைவிட்டது. அரசு சொன்ன வாதங்கள் எல்லாம் நாம் கேட்டவைதான். உளவியல் சோதனை வைத்தோம், மதிப்பெண் வரவில்லை. பெற்றோரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் இனவாரிக் கணக்கே கிடையாது, இவர்கள் கொண்டுவந்த கணக்கு நம்பத்தக்கதல்ல.

2007 நவம்பர் 13 அன்று பேரமர்வு 13க்கு 4 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டி.எச். வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அதில் மூன்று இடங்களை நாங்கள் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறோம். முதலாவது, சோதனை பெரும்பான்மைப் பிள்ளைகளை அளவுகோலாக வைத்து உருவானதாக இருந்தால், அதன் முடிவு பாகுபாட்டுக்குச் சமாதானம் ஆகாது. இரண்டாவது, சம்மதம். முன்கூட்டியே நிரப்பிய படிவத்தில், வேறு என்ன வழி இருக்கிறது என்று சொல்லாமலே வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகுமா? அதுவும் பாகுபாட்டுக்கு ஆளாகாதிருக்கும் உரிமையை ஒருவர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது என்றது நீதிமன்றம். கைநாட்டு வாங்கப்பட்டே நிலம் இழந்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இந்தப் பத்தியை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் வேலைக்கு உதவுவது. பாகுபாடு காட்டும் எண்ணம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டாம், விளைவு ஒரு கூட்டத்தின் மீதே விழுகிறது என்று கணக்கால் காட்டினால் போதும், பிறகு பதில் சொல்வது அரசின் பாடு.

ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ கிடைத்தது. அதற்குள் அவர்களில் கடைசிப் பிள்ளைக்கும் பள்ளிப் பருவம் முடிகிற வயது. சிறப்புப் பள்ளி என்ற பெயரை அரசு அதற்கு முன்பே சட்டத்தில் மாற்றியிருந்தது. பெயர் மாறியது, பாடத்திட்டமும் பிள்ளைகளும் அநேகமாக அவையே. 2014இல் ஐரோப்பிய ஆணையம் இதே காரணத்துக்காக செக் நாட்டின் மீது நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஆண்டு சுலோவாக்கியா, அதற்கடுத்த ஆண்டு ஹங்கேரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 ஆய்வுப்படி, மழலையர் பள்ளி வயதில் உள்ள ரோமா பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே அங்கே போகிறார்கள். மற்ற பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போகிறார்கள். பிள்ளையைச் சேர்க்காததற்குப் பெற்றோரைத் திட்டுபவர்கள், பக்கத்தில் மழலையர் பள்ளி எத்தனை கிலோமீட்டர், அங்கே இடம் உண்டா, உள்ளே விட்டால் பக்கத்தில் உட்கார வைப்பார்களா என்று சேர்த்துக் கேட்பதில்லை.

கடைசி வாரம் அக்காவிடம் கேட்டோம், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று. "பால்வாடி வேணும்னுதான் இப்பவும் சொல்றேன். காலைல நாலரை மணிக்குத் திறக்கிற பால்வாடி. ஆனா சாயங்காலம் பிள்ளைய என்கிட்ட குடுத்திரணும். அங்க எங்க தெருப் பொண்ணு வேலைல இருக்கணும்." எங்கள் கோரிக்கை மனுவில் இதை அப்படியே எழுதியிருக்கிறோம். அங்கன்வாடி நேரம் தூய்மைப் பணியாளர்களின் வேலை நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது முதல் கோரிக்கை.

இரண்டாவது வேலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். எங்கள் மாவட்டத்தில் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்கள் எத்தனை, அவற்றில் உள்ள பிள்ளைகளில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை, பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இந்த ஆண்டு ஆதரவுத்தொகை எத்தனை குடும்பங்களுக்குப் போனது என்று கேட்கிறோம். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் விவரமும் வேண்டாம், கேட்டால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள், மறுப்பதும் சரி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'அவ்வாறு சாதிவாரிப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். செக் அரசும் நீதிமன்றத்தில் அதைத்தான் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் யாராவது விண்ணப்பிக்கத் தயாராக இருந்தால் எழுதுங்கள், மாதிரி விண்ணப்பத்தை அனுப்பிவைக்கிறோம்.